தீப்பெட்டி அளவு டெண்டர்

வில்யா கொன்சுவேலோ ஊரில் எடெல்மிரா தார்க்கியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கையெழுத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. நகராட்சி கழித்துப்போட்ட தாள்களில்தான் சந்தையில் வெங்காயம் மடித்துத் தருவார்கள், அதில் பாதி அவள் எழுதியது. தொன் எவாரிஸ்தோ லிமாச்சியின் மரப்பட்டறையில் அவளுக்கு ஒரே வேலை. நகராட்சி ஏதாவது வாங்கப்போவதாக டெண்டர் விட்டால், பட்டறையின் சார்பில் பதில் தயார் செய்து கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது. வந்து சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒன்றுகூட ஜெயித்ததில்லை.

விலை அதிகம் என்று தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். மரம் மட்டம் என்று தோற்றிருந்தாலும் தச்சர்களைத் திட்டியிருக்கலாம். விலையையும் மரத்தையும் பார்க்கிற கட்டம்வரை அவளுடைய கட்டு போய்ச் சேர்ந்ததே இல்லை. ஒருமுறை பக்க எண் வலது மூலையில் இருக்க வேண்டியது நடுவில் இருந்தது. ஒருமுறை உறையைப் பசை போட்டு ஒட்டாமல் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். ஒருமுறை முதலாளியின் கையெழுத்து, அதற்கென்று வரைந்த கட்டத்தைத் தாண்டி வால் நீட்டிவிட்டது. இன்னொரு முறை எல்லாமே சரியாக இருந்தது, நகராட்சிக் கடிகாரம்தான் ஐந்து நிமிஷம் வேகமாக ஓடியது. 'தாமதம்' என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். கடிகாரம் தப்பு என்று அவள் சொன்னதற்கு, கடிகாரத்தைத் திருத்த டெண்டர் விட்டிருக்கிறோம், நீங்களும் போடலாம் என்று பதில் வந்தது.

இப்படியே அடிவாங்கி அடிவாங்கி அந்தப் பழக்கம் அவள் ரத்தத்தில் ஊறிப்போயிற்று. வீட்டில் மகளின் வீட்டுப்பாடத்தில் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போடுவாள். மளிகைச் சீட்டின் மூலையில் எண் போடுவாள். ரோமுவால்தோ அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தபோது, எழுத்தில் கொண்டுவா என்று அனுப்பிவிட்டாள். இரண்டு பக்கம் உருகி உருகி எழுதிக்கொண்டு வந்தான். இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டாள். மனுஷன் தெருமுனைவரை போய், கையெழுத்துப் போட்டு, திரும்பி வந்தான். தள்ளுபடி ஆன பிறகும் திரும்பி வருகிறவன் ஒருத்தன் இருக்கிறானே என்று அவள் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே சரி சொன்னாள்.

அந்த வருஷம் ஜனவரியில் நகராட்சி புதுப் பள்ளிக்கூடத்துக்கு இருநூறு மேசை வேண்டும் என்று டெண்டர் விட்டது. ஏற்கெனவே இரண்டு தடவை விட்டு, இரண்டு தடவையும் ஒருத்தருக்கும் தகுதி இல்லை என்று ரத்தானது. மூன்றாவது தடவையும் ரத்தானால் ஒதுக்கின பணம் தலைநகருக்கே திரும்பிப் போய்விடும். பிள்ளைகளோ வீட்டிலிருந்து ஆளுக்கொரு சுடாத மண்கல் கொண்டுவந்து அதன்மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தொன் எவாரிஸ்தோ அவள் மேசைமுன் வந்து நின்றார். பட்டறையில் செய்த மேசைதான், ஒரு கால் மட்டும் கொஞ்சம் குட்டை.

"எடெல்மிரா, நான் பொறுமைசாலிதான். ஊரே சொல்லும்."

"ஆமா முதலாளி."

"இதுவும் போச்சுன்னா இந்த மேசையை வித்துடுவேன். மேசை இல்லேன்னா உனக்கு இங்க என்ன வேலை?"

 ரோமுவால்தோவின் மினிபஸ் மாதத்தில் பாதி நாள் பழுதாகி மெக்கானிக் கடை வாசலில் வாய்பிளந்து நிற்கும். வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் குட்டைக்கால் மேசையால்தான். அதைவிட ஒன்று, அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் தான் ஒரு ஆள் என்று அவளுக்குத் தோன்றும். அது போய்விட்டால் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

கடைசித் தேதி ஜனவரி இருபத்து நான்கு, மதியம் பன்னிரண்டு மணி. அந்த நாளையும் நேரத்தையும் கேட்டதும் முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அலசிதாஸ். வருஷம் முழுக்க என்ன வேண்டுமோ அதைப் பொம்மையாக வாங்கி, சரியாக மதியம் பன்னிரண்டு மணிக்குப் பூசாரியிடம் கொடுத்துச் சாராயமும் பூவிதழும் தூவி ஆசி வாங்க வேண்டும். பொம்மை வீடு வாங்கினால் வீடு வரும், பொம்மை லாரி வாங்கினால் லாரி வரும். மீசையும் தொப்பையுமாக, உடம்பெல்லாம் மூட்டை தொங்க, வாயில் சிகரெட்டோடு நிற்கும் ஏக்கேக்கோ சாமி பார்த்துக்கொள்வார். பன்னிரண்டு தாண்டிவிட்டால் அவரும் தாமதம் என்று சொல்லிவிடுவார் போலிருக்கிறது.

"நமக்கு இந்த வருஷம் டெண்டர்தான் வேணும்," என்றார் முதலாளி. "அதனால டெண்டரையே சின்னதா செஞ்சுடு. தீப்பெட்டி அளவுக்கு. நான் அதை எடுத்துட்டு ஏக்கேக்கோகிட்டப் போறேன். நீ பெருசை எடுத்துட்டு நகராட்சிக்குப் போ."

"சந்தையில காகிதப் பொம்மை வாங்கிக்கலாமே முதலாளி."

"அதெல்லாம் சும்மா அச்சடிச்சது. உள்ள ஒண்ணும் இருக்காது. சாமியை ஏமாத்தறதா? பக்க எண், கையெழுத்து, முத்திரை எல்லாம் அசல் மாதிரி இருக்கணும். இல்லேன்னா அவரும் தள்ளுபடி பண்ணிடுவாரு."

அதனால் அவள் இரண்டு செய்தாள். பெரியதைச் செய்யும்போது ஒவ்வொரு தாளையும் மூன்று தடவை பார்த்தாள், பார்த்ததையே மறந்து நாலாவது தடவையும் பார்த்தாள். சின்னதைச் செய்யும்போது குழந்தைக்குச் சொப்பு அடுக்குகிற மாதிரி சந்தோஷமாகச் செய்தாள். அதை யாரும் கழித்துப்போடப் போவதில்லையே! ஊசிமுனைப் பேனாவால் எழுதினாள். ஒரு தச்சர் அழிரப்பரில் கடுகளவு முத்திரை செதுக்கிக் கொடுத்தார். முதலாளி நாக்கைத் துருத்திக்கொண்டு பக்கம்பக்கமாக எறும்புக் கையெழுத்துப் போட்டார்.

"மேசை அளவை என்ன போட?" என்று கேட்டாள். "பெருசுல நூத்தியிருபது சென்டிமீட்டர்னு இருக்கு."

"சின்ன டெண்டர், சின்ன மேசை. பன்னிரண்டுன்னு போடு."

"அப்போ விலை?"

முதலாளி பதறிவிட்டார். "அடியே, அதுல கையை வைக்காதே! ஏக்கேக்கோ அப்படியே எடுத்துக்குவாரு. அளவைக் குறை, காசைக் குறைக்காதே."

சின்னது சந்தைக் கூட்டத்தில் நசுங்கிவிடக் கூடாதென்று பெரிய கட்டின் அளவுக்கே ஒரு பலகைப்பெட்டி செய்து, நடுவில் பஞ்சு வைத்து, அதில் படுக்கவைத்தார்கள். வெளியே அதே பழுப்புத் தாள், அதே பசை, அதே முகவரிச் சீட்டு. அசல் மாதிரி இருக்கணும் என்று முதலாளி சொல்லிவிட்டாரே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

இருபத்து நான்காம் தேதி ரோமுவால்தோவின் மினிபஸ்ஸில் மூன்று பேரும் கிளம்பினார்கள். ஊரே பொம்மை வாங்கப் புறப்பட்டிருந்தது, வண்டி நகரவில்லை. மணி பன்னிரண்டை நெருங்க நெருங்க எடெல்மிரா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். கடைசியில் முதலாளி ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு சந்தைப் பக்கம் ஓடினார். இவள் மற்றதைத் தூக்கிக்கொண்டு நகராட்சிப் பக்கம் ஓடினாள். வேகமாக ஓடுகிற அந்தக் கடிகாரத்தையும் முந்திக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள். 'பெறப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்துக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்!

உறைகளை எல்லார் முன்னிலையிலும் பிரித்தார்கள். நகராட்சி வக்கீலம்மா ஒரு பக்கம், இன்ஜினியர் ஒரு பக்கம். முதலில் தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த ரெனானுடைய கட்டு. பெரிய கம்பெனியின் ஆள் அவன், ஜெயித்துவிட்ட தோரணையிலேயே வந்திருந்தான். வக்கீலம்மா பக்கங்களை எண்ணினாள். முப்பத்தெட்டுக்கு அடுத்து நாற்பது வந்தது. தள்ளுபடி. அடுத்த கம்பெனி கறுப்பு மைக்குப் பதில் நீல மையில் ஒப்பமிட்டிருந்தது. தள்ளுபடி. மிச்சம் எடெல்மிராவின் கட்டு.

இன்ஜினியர் தாளைக் கிழித்தார். பலகைப்பெட்டி. திறந்தார். பஞ்சு. பஞ்சின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டெண்டர்.

எடெல்மிராவின் முகத்தில் ஈயாடவில்லை. சாமிக்குப் போக வேண்டியது இங்கே வந்துவிட்டது. இங்கே வர வேண்டியதன்மேல் இந்த நேரம் பூசாரி சாராயம் தெளித்துக்கொண்டிருப்பார். மேசை போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். 

"இதென்ன நகராட்சியா, பொம்மைக் கடையா?" என்று ரெனான் விழுந்து விழுந்து சிரித்தான்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. காலையிலிருந்து ஒரு சால்தேன்யா பலகாரம்கூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "சும்மா இருங்க. உங்க கட்டுல முப்பத்தொன்பதைக் காணோமே, நாங்க சிரிச்சோமா?"

"வக்கீலம்மா, இதை எப்படி எடுத்துக்குவீங்க?" என்றான் ரெனான்.

"தாள் எவ்வளவு பெருசா இருக்கணும்னு விதிமுறையில எங்க போட்டிருக்கு? காட்டுங்க."

தேடினார்கள். மையின் நிறம் இருந்தது. பசையின் தன்மை இருந்தது. எந்த மூலையில் எண், எந்தப் பக்கம் முத்திரை, உறையை எந்தத் திசையில் மடிக்க வேண்டும் என்பதுவரை இருந்தது. தாளின் அளவு மட்டும் எங்கும் இல்லை. எழுதினவருக்குத் தோன்றவேயில்லை போலிருக்கிறது.

பக்கத்துக் கடையில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவரிடமிருந்து கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியை வாங்கிவந்தார்கள். வக்கீலம்மா அதை மாட்டிக்கொண்டு, முடி பிடுங்குகிற இடுக்கியால் பக்கம்பக்கமாகப் புரட்டினாள். எண் எல்லாம் வரிசையாக இருந்தது. கையெழுத்து கட்டத்துக்குள் இருந்தது. முத்திரை நேராக இருந்தது. இன்ஜினியர் கையில் வைத்திருந்த சீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மேசையோட அளவு குறிப்பிட்டிருக்கா?"

"குறிப்பிட்டிருக்கு."

"விலை?"

"குறிப்பிட்டிருக்கு."

என்ன அளவு என்று அவர் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி சீட்டில் இல்லை.

"இத்தனை வருஷத்துல," என்றாள் வக்கீலம்மா, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "ஒரு குறைகூட இல்லாத டெண்டரை இப்பதான் பார்க்கறேன். தகுதி!"

பட்டறைக்குத் திரும்பினால் முதலாளி நனைந்த கட்டோடு நின்றார். மல்லாந்து கிடந்த தாள்களில் சாராய வாடை, பூவிதழ் ஒட்டியிருந்தது. எடெல்மிரா பழக்க தோஷத்தில் புரட்டிப் பார்த்தாள். பதினாலாம் பக்கத்தில் முதலாளியின் கையெழுத்து இல்லை.

"முதலாளி, இது போயிருந்தா தள்ளுபடி."

அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "பார்த்தியா, ஏக்கேக்கோவே கையில வாங்கி மாத்திக் கொடுத்திருக்காரு. உக்காரு உன் மேசையில. இனி அதை யாரும் தொடமாட்டாங்க." அவள் குட்டைக்கால் மேசைமேல் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

மே மாதம் இருநூறு மேசையும் தயார். நல்ல மரம், நல்ல மெருகு. லாரிகளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் இறக்கினார்கள். பொருளைச் சரிபார்க்க இன்ஜினியர் டேப்போடு வந்தார், கூடவே பூதக்கண்ணாடியும் அந்தக் குட்டி டெண்டரும். அளந்தார். கண்ணாடியில் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"தொன் எவாரிஸ்தோ, நீங்க எழுதிக் கொடுத்தது பன்னிரண்டு சென்டிமீட்டர். கொண்டுவந்திருக்கறது அதைவிடப் பத்து மடங்கு பெருசு."

"பிள்ளைங்க உக்காரணுமே சார்!"

"அது எனக்குத் தெரியாது. எழுதினதும் வந்ததும் ஒண்ணா இருக்கணும். அளவை மாத்தணும்னா புதுசா டெண்டர் விடணும். பணம் திரும்பிப் போயிடும். உங்களுக்கு அபராதம்."

பிள்ளைகள் சுற்றிலும் நின்று மெருகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் மறுபடி லாரியில் ஏற்றவைத்தார்கள். அடுத்த வாரம் தச்சர்கள் வெட்டுத்துண்டுகளில் பன்னிரண்டு சென்டிமீட்டரில் இருநூறு மேசை செய்து ஒரு பெரிய கூடையில் கொண்டுபோனார்கள். இன்ஜினியர் அளவுகோல் வைத்து ஒவ்வொன்றாக அளந்து, ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். முழுப் பணமும் வந்தது. பெரிய மேசைகள் பட்டறை முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் அடுக்கிக் கிடந்தன.

தலைமையாசிரியை காசில்டா ஒருநாள் பட்டறைக்கு வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு குட்டி மேசையை எடுத்து எடெல்மிராவின் மேசைமேல் வைத்தாள்.

"இதுல யாரை உக்கார வைக்கட்டும்? நீயே சொல்லு. பிள்ளைங்க இன்னும் மண்கல்லு மேலதான் எழுதுதுங்க. மழை வந்தா கல்லும் கரையுது."

"டீச்சர், முற்றத்துல உங்க மேசைங்கதான் கிடக்கு. எடுத்துட்டுப் போங்க."

"எப்படிடி எடுப்பேன்? நன்கொடையா வாங்கணும்னாலும் மூணு பேர்கிட்ட விலை கேட்கணுமாம். இலவசமா கொடுக்கறவங்க மூணு பேரை நான் எங்க போய்த் தேட?"

அவள் போனபின் எடெல்மிராவுக்கு வேலை ஓடவில்லை. ஜெயித்தோம் ஜெயித்தோம் என்று கொண்டாடினோமே, என்னத்தை ஜெயித்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. அந்த மேசைகளைப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டாள். அவர் காது கொடுக்கவில்லை. நகரத்துத் தனியார் காலேஜ் ஒன்று மொத்தத்தையும் விலைபேசியிருந்தது.

"ஒரே மேசைக்கு ரெண்டு தடவை காசு. இது ஏக்கேக்கோ கொடுக்கறது எடெல்மிரா, வேண்டாம்னு சொல்லக் கூடாது. பிப்ரவரியில ஆள் வருவான். அதுவரைக்கும் முற்றத்துல யாராவது கையை வச்சாங்கன்னா, அது நீயா இருந்தாலும், மறுநாள் உனக்கு மேசை கிடையாது."

ஏக்கேக்கோ என்று அவர் சொன்னதுதான் அவள் மண்டையில் உறைத்தது. குட்டி மேசையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

"டீச்சர், வர்ற ஜனவரி இருபத்து நாலாம் தேதி அந்தக் கூடையைத் தூக்கிட்டுப் பூசாரிகிட்ட வாங்க. சரியா பன்னிரண்டு மணிக்கு. நான் ஒரு ரசீது எழுதித் தர்றேன், ஆசி வாங்கின கையோட அதுல கையெழுத்துப் போட்டு ரோமுவால்தோகிட்டக் கொடுத்தனுப்புங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"உன் மேசை போயிடுமேடி."

"தெரியும். பயமாத்தான் இருக்கு."

மறு வருஷ அலசிதாஸில் தொன் எவாரிஸ்தோவுக்கு லாரி வேண்டும். பொம்மை லாரியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் காசில்டா டீச்சர் கூடையோடு நின்றாள். கூட்டம் நெரித்தது, அந்த அம்மாளால் கூடையைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. இவர் நல்ல மனுஷன்தான், ஒரு கை கொடுத்தார். மணி அடித்தது. பூசாரி சாராயத்தைத் தெளித்தார்.

"இன்னும் கொஞ்சம் தாராளமா ஊத்துங்க சாமி," என்றார் தொன் எவாரிஸ்தோ. "பிள்ளைங்க விஷயம்."

அவர் பட்டறைக்குத் திரும்பினபோது முற்றம் காலி. தார்ப்பாய் மட்டும் மடித்து வைத்திருந்தது. எடெல்மிரா நடுமுற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என் மேசைங்க எங்கே?"

"பள்ளிக்கூடத்துல, முதலாளி."

"யார் கொடுக்கச் சொன்னா?"

"அவங்க பொம்மை மேசைக்குச் சரியா பன்னிரண்டு மணிக்கு ஆசி வாங்கியிருக்காங்க. நிஜ மேசை வந்துதானே ஆகணும்? நான் என்ன செய்ய முடியும்? நீங்கதான் கூடையைப் பிடிச்சீங்களாமே."

 அவர் கையிலிருந்த பொம்மை லாரியைப் பார்த்தார். இந்த மேசை வராது என்றால் அந்த லாரியும் வராது. அது அவருக்கே தெரிந்தது. கடைசியில் மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார்.

"ரசீது வாங்கினியா?"

அவள் தீப்பெட்டியிலிருந்து ஒரு ரசீதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் பட்டறையின் தச்சு மேஸ்திரியிடம் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு வெயிலில் போய் உட்கார்ந்தார். நெடுநேரம் பார்த்தார். ஒரு குறை, ஒரே ஒரு குறை அகப்பட்டால் போதும், அவளைத் தள்ளுபடி செய்துவிடலாம். எண் மூலையில் இருந்தது. கையெழுத்து கட்டத்துக்குள் இருந்தது. கறுப்பு மை.

"ஒரு குறையும் இல்லை," என்றார், செத்த வீட்டுக்குப் போய்வந்த குரலில். "போ. போய் உன் மேசையில உக்காரு."

எடெல்மிராவுக்கு உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் உட்காருகிற மூலையில் நாற்காலி இருந்தது. பேனா தரையில் கிடந்தது. மேசையைக் காணவில்லை.

"இருநூறுன்னு சொன்னியே," என்றார் தச்சர் ஒருவர், தலையைச் சொறிந்துகொண்டு. "காலேஜ்காரன் மாதிரிக்குன்னு ஒண்ணை எடுத்துட்டுப் போயிட்டான், முற்றத்துல ஒண்ணு குறைஞ்சுது. அதான் இதையும் ஏத்திவிட்டோம். கால் ஒண்ணு குட்டையா இருந்துச்சு, சின்னப் பிள்ளைக்குச் சரியா இருக்கும்னு."

திரும்பக் கேட்டுப் பார்த்தாள். காசில்டா டீச்சருக்குக் கொடுக்க மனசுதான். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பொருள் வெளியே போக வேண்டுமென்றால் நகராட்சி டெண்டர் விட வேண்டுமாம். விட்டார்கள். எடெல்மிரா மடியில் பலகையை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுதினாள். தள்ளுபடி ஆகிவிட்டது. பலகை ஆடியதில் ஒரு எண் மூலையைவிட்டு நகர்ந்துவிட்டது.